அந்தமானுக்குப் போகாத லாரி

சுவரில் மாட்டியிருந்த படத்தில் கிழக்கு மட்டும் தாடை வீங்கியவன் மாதிரி துருத்திக்கொண்டு நின்றது.

மரகதம் குழுமத்தின் 2006-07 விற்பனைப் படம் அது. பெயிண்ட், பம்ப் செட், நைலான் கயிறு, லாரி பேட்டரி என்று நான்கு பிரிவுகள். வடக்கு, தெற்கு, மேற்கு, கிழக்கு என்று நான்கு மண்டலங்கள். ஒவ்வொன்றுக்கும் கலர் காகிதத்தில் ஒரு கம்பம் வெட்டி ஒட்டியிருந்தார்கள். பெயிண்ட் சுமார். கயிறு படுத்துக் கிடந்தது. கிழக்கு மண்டலத்து பேட்டரி மட்டும் போன வருஷத்தைப் போல மூன்று மடங்கு உயரம்.

செங்கொடி அருகில் போய்ப் பார்த்தாள். அந்தக் கம்பத்தின் அடிப்பாதி வெயிலில் வெளுத்த சிவப்பு. மேல்பாதி புதுச் சிவப்பு. ஓரத்தில் பசை பிதுங்கிக் காய்ந்திருந்தது.

"இதெல்லாம் எங்க அக்கவுண்டன்ட் சுப்புராயன் கைவேலை," என்றான் விமல். விற்பனைத் துணைத்தலைவர். முதலாளியின் மருமகன். பேசும்போது விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டே பேசுகிற ஆள். "நாலு நாளா ஆளைக் காணோம். வெள்ளிக்கிழமை பேங்க்காரங்க முன்னாடி இதை அவர்தான் படிச்சுக் காட்டணும். பதினஞ்சு வருஷமா அவர் வாயால சொன்னாத்தான் அவங்க நம்புவாங்க."

"போலீஸ்?"

"பேப்பர்ல வரும். அசிங்கம். எங்க ஆளுங்க போய் விசாரிச்சா இந்தப் பக்கத்து ஜனங்க வாயைத் திறக்க மாட்டாங்க. நீங்க கேட்டாத் திறப்பாங்க. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

அது உண்மைதான். செங்கொடி வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் வளர்ந்தவள். நாற்பது வயது. பாக்ஸிங்கில் ஒருமுறை உடைந்த மூக்கு அப்படியே கோணலாகச் சேர்ந்துவிட்டது. அதைச் சரிசெய்ய அவள் மெனக்கெடவில்லை. ராயபுரத்தில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டி எட்டு வருஷமாகிறது. வருகிற வேலையில் பாதி கல்யாண விசாரணை, மீதி ஓடிப்போன புருஷன்மார்.

அவளுடைய உதவியாளன் இன்னாசி படத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். படகுக்கார வீட்டுப் பிள்ளை. கடல் ஒத்துக்கொள்ளாமல் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுமதி ஏஜெண்டிடம் பத்து வருஷம் ஓடியவன். வாய்க்குப் பூட்டில்லை.

"கெயக்கு மண்டலத்துக்கு யாரு சார் மேனேஜரு? மூணு மடங்கு வித்துகிறாரே, ஒரு மாலை போட வேணாமா?"

"போட்டாச்சு," என்றான் விமல்.

அவன் காட்டிய இடத்தில் ஒரு போட்டோ. சந்தன மாலை. மீசை வைத்த ஒருவர் பாஸ்போர்ட் அளவுச் சிரிப்போடு இருந்தார். கீழே அய்யாத்துரை என்று பெயர். இறந்த தேதி பிப்ரவரியில்.

"ஞாயித்துக்கிழமை தூண்டில் போடப் போவார். எண்ணூர் கழிமுகத்துல வழுக்கி விழுந்துட்டார். பாவம்."

"மூணு மடங்கு வித்தது எந்த மாசம்?" என்று கேட்டாள் செங்கொடி.

விமல் முதல்முறையாக நகத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். "மார்ச்."

"எந்த ஊருக்கு?"

"அந்தமான். போர்ட் பிளேர்."

வெளியே வந்ததும் மணலிப் பக்கத்துக் காற்று அழுகின முட்டை நாற்றத்தோடு முகத்தில் அடித்தது. சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி உச்சியில் பட்டப்பகலிலும் தீ எரிந்தது. இன்னாசி தன் எம்-எய்ட்டி வண்டியை உதைத்தான். அது மூன்றாவது உதைக்குத்தான் உயிர் பெற்றது.

"யக்கா, ஒரு டவுட்டு. மேனேஜர் உசுரோட இருந்தப்ப மாங்கு மாங்குன்னு அலைஞ்சும் விக்கல. செத்தப்புறம் மூணு மடங்கு. பேய் போயி ஆர்டர் எட்த்துகினு வந்துச்சா?"

"ஓட்டு."

"அந்தமான்ல எத்தினி லாரி இருக்கும்? ஒவ்வொரு லாரிக்கும் நாலு பேட்டரி மாட்டி, டிரைவர் தலைமாட்டுல ஒண்ணு வெச்சாக்கூட மிச்சம் ஆவுமே."

"அதான் எனக்கும்," என்றாள் செங்கொடி. "ஓட்டு. அந்த ஆளோட வூட்டுக்குப் போலாம்."

சுப்புராயன் வீடு திருவொற்றியூரில், ரயில் சத்தத்துக்கு ஜன்னல் அதிரும் ஒரு சந்தில் இருந்தது. கதவைத் திறந்தவள் பச்சையம்மா. ஐம்பதை நெருங்கும் வயது. கண் வீங்கியிருந்தது. அழுத வீக்கமில்லை, தூங்காத வீக்கம்.

"உங்க வூட்டுக்காரரைத் தேடச் சொல்லிகிறாங்க," என்றாள் செங்கொடி. "கம்பெனியிலர்ந்து."

பச்சையம்மா தலையாட்டினாள். உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் எப்போது போனார், என்ன சட்டை, யாரோடு பழக்கம் என்று கேட்டதற்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி பதில் சொன்னாள். அடுப்பில் புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரிந்து கொதித்துக்கொண்டிருந்தது. பத்துப் பேர் யாத்திரை போகிற அளவுக்கு.

"வூட்ல எத்தினி பேரு?"

"நான் மட்டும்தான்."

பத்து நிமிஷத்தில் செங்கொடி எழுந்துவிட்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது பக்கத்தில் கிடந்த பச்சையம்மாவின் செருப்பைப் பார்த்தாள். வெள்ளை ரப்பர் செருப்பு. விளிம்பெல்லாம் கரி. காலால் அதைத் தள்ளிப் பார்த்தாள். கரி அவள் பெருவிரலில் ஒட்டியது, மை மாதிரி.

தெருமுனை வந்ததும் இன்னாசி சொன்னான்: "நல்ல பொம்பள. பாவமா கீது."

"காணாமப் போன ஆளோட பொண்டாட்டி மொதல்ல இன்னா கேப்பா?"

"இன்னா கேப்பா? உசுரோட கீறாரான்னு…" என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பிரேக்கைப் பிடித்தான். "யக்கா. அவ கேக்கவே இல்ல."

"ஏன்னா அவளுக்குத் தெரியும். ஊசிப்போவாத சோறு ஆக்கி, ஒரு எடத்துக்கு எடுத்துகினு போறா. கரித்தூள் மெதிச்சுகினு போறா. திருவொத்தியூர்ல ஏது அவ்ளோ கரி?"

இன்னாசி யோசிக்கவே இல்லை. ராயபுரத்தில் பிறந்தவனுக்கு அது யோசிக்க வேண்டிய விஷயமில்லை. துறைமுகத்து நிலக்கரி காற்றில் பறந்து வந்து படியாத கொடித்துணி அங்கே கிடையாது.

"காசிமேடு. ஹார்பர் கேட்டாண்ட."

*

எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள் நின்றுகொண்டிருந்தன. அப்படிச் சொல்வதே தப்பு. அவை அங்கே குடியிருந்தன. துறைமுகத்துக்குள் நுழைய முறை வருவதற்கு மூன்று நாளாகலாம், ஐந்து நாளாகலாம். லாரிக்கு அடியில் தூளி கட்டித் தூங்கினார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்டவ் வைத்து சோறு பொங்கினார்கள். ஒரு பக்கம் கடல், அலை தெரியாத அளவுக்குப் பாறை கொட்டிய கடல். இன்னொரு பக்கம் கரி படிந்த சுவர்கள். நடுவில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வால் தெரியாத வரிசை.

வெயில் வெள்ளையாக இல்லை. சாம்பலாக இருந்தது.

"இந்த லைன்ல ஒரு லாரியை ஒளிச்சு வெச்சா தேவுடுகூட கண்டுபுடிக்க மாட்டாரு," என்றான் இன்னாசி. "ஆனா ஒண்ணு யக்கா. வரிசை நவுந்துகினே இருக்கும். என்னிக்காச்சும் ஹார்பர் கேட்டு வந்துரும். உள்ள போனா பேப்பரு கேப்பான்."

"அப்போ ஒளிஞ்சுகினு இருக்கறவன் இன்னா பண்ணணும்?"

"கேட்டு வரக்கூடாது."

"வராம இருக்க?"

இன்னாசி தலையைச் சொறிந்தான். அதற்குள் முன்னால் எங்கோ ஒரு லாரி நகர்ந்தது. அதன் பின்னால் இருந்தது நகர்ந்தது. ஒரு சாண் இடைவெளி விழுந்தால் அதில் அடுத்தவன் மூக்கை நுழைத்துவிடுவான் என்று ஒவ்வொரு டிரைவரும் பதறியடித்து வண்டியை எடுத்தான். ஹாரன்கள் கத்தின. ஒருவன் பாதி சோற்றுக் கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

ஒரே ஒரு லாரி மட்டும் நின்ற இடத்தில் நின்றது. தார்ப்பாய் போர்த்திய பழைய லாரி. அதன் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பின்னால் இருந்தவனை 'போ, போ' என்று அனுப்பினான். அவன் போனதும் அடுத்தவனையும் அனுப்பினான்.

"அட பேமானி," என்றான் இன்னாசி மெதுவாக. "நான் பத்து வருஷம் இங்க குப்ப கொட்டிகிறேன். இந்த லைன்ல பெத்த அப்பனுக்கு வழி விட்டவனைப் பாத்ததில்ல."

செங்கொடி ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தாள்.

டிரைவருக்கு நரைத்த தாடி. அவள் ஜன்னலில் தட்டியதும் அவன் கை சீட்டுக்கு அடியில் போனது, இரும்பு லீவரைத் தேடி.

"பச்சையம்மா இன்னிக்கு புளிக்காய்ச்சல் கொஞ்சம் தூக்கலா வெச்சுகிறா," என்றாள் செங்கொடி. "நீ அவளுக்கு இன்னா வேணும்?"

அவன் அசையவில்லை. பின்னால் தார்ப்பாய்க்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. நான்கு நாளாக யாரோடும் உரக்கப் பேசாத குரல்.

"அப்பாவு. விடு மச்சான். கண்டுபிடிச்சிட்டாங்க."

பேட்டரி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டு, சுற்றிலும் பெட்டிகளைச் சுவர் மாதிரி அடுக்கியிருந்தார்கள். செங்கொடியும் இன்னாசியும் பின்னால் ஏறியபோது ஆசிட் நெடி தொண்டையை அறுத்தது. சுப்புராயன் பனியனோடு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல். அவருக்குப் பின்னால் ஒவ்வொரு பெட்டியிலும் கம்பெனி ஒட்டிய சீட்டு: கிழக்கு மண்டலம், போர்ட் பிளேர்.

"இதான் அந்த மூணு மடங்கா?" என்றாள் செங்கொடி.

"இது கடைசி லாரி. மார்ச் முடியறதுக்குள்ள விமல் வரிசையா வாசல் வழியா வெளிய அனுப்பினான். வித்தாச்சுன்னு கணக்கு. இந்தச் சாலையில நின்னுட்டு, ஏப்ரல் பிறந்ததும் பின்வாசல் வழியா எல்லாம் உள்ள வந்துடுச்சு. அய்யாத்துரை பேர்ல ஆர்டர். அவன் பிப்ரவரியிலயே ஒத்துக்கமாட்டேன்னான். அவனுக்கு நீச்சல் தெரியும்மா. கழிமுகத்துல பொறந்து வளர்ந்தவன்." அவர் மூச்சு வாங்கினார். "அடுத்தது நான். படிச்சுக் காட்டினா புழல் ஜெயில். மாட்டேன்னா கழிமுகம். இந்த ஒரு லாரியை மச்சான் திருப்பி ஓட்டிட்டுப் போகலை. நானும் இதுலயே ஏறிட்டேன். வித்துப்போன சரக்கை எவனும் வெளிப்படையாத் தேட முடியாதில்ல."

தேடவேண்டியவன் வேறு ஆளை வைத்துத் தேடுவான்.

அது செங்கொடிக்குத் தோன்றிய அதே கணத்தில் அவருக்கும் தோன்றியது.

"உங்களை யார் அனுப்பினது?"

 விமலின் வார்த்தை அவள் காதில் ஓடியது. நீங்க கேட்டாத் திறப்பாங்க. ஆளைக் கண்டுபிடிக்க அவன் கூலி கொடுக்கவில்லை. வழி காட்டத்தான் கொடுத்தான். அவள் நாய் மாதிரி மோப்பம் பிடித்து நேராக வந்து நின்றிருக்கிறாள்.

தார்ப்பாயை விலக்கிப் பார்த்தாள். இருபதடி தள்ளி ஒரு யமஹா. ஹெல்மெட் போட்ட ஆள் போனைக் காதில் வைத்திருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினான்.

"இன்னாசி."

"பாத்துட்டேன்." அவன் தொண்டையைக் கனைத்தான். பிறகு படகில் இருந்து கரைக்குக் கத்துகிற பரம்பரைக் குரலில் அலறினான்: "டேய்! டீசல் திருடன்டா! அந்த யமஹாக்காரன்! டாங்கியில டியூப் வுட்டவன் இவன்தான்!"

வரிசையில் நிற்கிற லாரிக்காரனுக்குக் கடவுள்மேல் சந்தேகம் வரலாம், டீசல் திருடன்மேல் வராது. சோற்றுத் தட்டுகள் கீழே விழுந்தன. லீவர்கள் எழுந்தன. யமஹா கிளம்புவதற்குள் அதன் சாவி யாரோ ஒருவன் லுங்கி மடிப்புக்குள் போய்விட்டது. போன் எங்கே போனது என்று அந்த ஆளுக்கே தெரியாது.

ஆனால் சொல்லவேண்டியதை அவன் சொல்லி முடித்திருந்தான்.

"பச்சையம்மாவை வெளிய வரச் சொல்லணும். உடனே," என்றாள் செங்கொடி. சுப்புராயன் வீட்டு எண்ணைச் சொன்னார். அவள் அழுத்தினாள். மூன்று முறை மணி அடித்தது.

"சொல்லுங்க செங்கொடி," என்றது விமலின் குரல்.

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"அம்மா சோறு கட்டிக்கிட்டு இருக்காங்க," என்றான் அவன். "நான்தான் பொறுமையாக் கட்டச் சொன்னேன். லாரி அரை மணி நேரத்துல பின்வாசலுக்கு வரணும். சரக்கு முழுசா. சுப்புராயனும் உள்ளேயே இருக்கட்டும்."

சுப்புராயன் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.  அப்பாவு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "எங்க அக்கா…" என்று மட்டும் சொன்னான்.

செங்கொடி பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு இன்னாசியைப் பார்த்தாள். இடது கையால் ஒரு பெட்டியைத் தட்டி, வெளியே இருந்த லாரிகளைக் காட்டினாள். இன்னாசி முதலில் விழித்தான். அப்புறம் அவன் வாய் காதுவரை போனது. சத்தமில்லாமல் இறங்கிப் போனான்.

"சரக்கு வரும். ஆள் வரமாட்டான்," என்றாள் போனில்.

"இது பேரம் இல்லை."

"பேரம்தான். அந்த ஆள் வெறும் வாய் மட்டும் வெச்சுகிறாரு. நீ பைத்தியம்னு சொன்னா முடிஞ்சுது. உன்னைப் பிடிக்கப் போறது சரக்கு. ஒவ்வொரு பேட்டரியிலயும் நம்பர் குத்தியிருக்கு. அந்த நம்பர் போர்ட் பிளேர்ல வித்துப்போச்சுன்னு உன் சுவத்துல படம் இருக்கு. அது காசிமேட்டுல கிடக்குதுன்னு தெரிஞ்சா வெள்ளிக்கிழமை உன்னால வாயைத் திறக்க முடியுமா?"

 அந்தப் பக்கம் ரயில் ஒன்று ஜன்னலை அதிரவைத்துக்கொண்டு போனது.

"பச்சையம்மா தேரடி பஸ் ஸ்டாப்புல இறங்கணும்," என்றாள். "பூக்கடைங்க முன்னாடி, ஜனங்க பாக்க. அவ எனக்கு போன் பண்ணணும். அப்புறம்தான் இந்த வண்டி ஸ்டார்ட் ஆவும். இல்லன்னா தார்ப்பாயை அவுத்துட்டு பேப்பர்காரனைக் கூப்பிடுவேன்."

"நான் உன்னை நம்பணுமா?"

"உனக்கு வேற வழி இருக்கா?"

 போன் அணைந்தது.

காத்திருந்தார்கள். அதுதான் மோசமான பகுதி. தார்ப்பாயின் கடல் பக்கத்து ஓரம் தூக்கப்பட்டு, வெளிச்சம் ஒரு கீற்றாக உள்ளே விழுந்தது. கைகள் நுழைந்தன. கரிபடிந்த, கிரீஸ் படிந்த கைகள். பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின. வெளியே இன்னாசியின் குரல் மீன் ஏலம் போலத் தாழ்வாக ஓடியது. "எந்த ஊரு நைனா? நாமக்கல்லா? இந்தா. சர்தார்ஜி, லூதியானாவா? லே பாய், புடி. காசு வேணாம்பா, கம்பெனி ஆபர். மாட்டிகினு போய்க்கினே இரு."

சுப்புராயன் தன்னைச் சுற்றி இருந்த சுவர் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சரக்கைப் பார்க்கவில்லை. செங்கொடியின் கையில் இருந்த போனையே பார்த்தார்.

அது அடித்தது. தெரியாத எண்.

"நான்தாம்மா," என்றாள் பச்சையம்மா. பின்னால் பஸ் ஹாரன், பூக்காரிகள் கூவல். "தேரடியில விட்டுட்டுப் போயிட்டாங்க. ஒரு ரூபா போன்ல பேசறேன். அவரு…" குரல் உடைந்தது. "உசுரோட கீறாரா?"

"கீறாரு. அப்படியே நடந்து போலீஸ் ஸ்டேஷன் உள்ள போய் உக்காரு. யார் கூப்ட்டாலும் வெளிய வராத."

சுப்புராயன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அப்பாவு ஹாரனில் தலையைக் கவிழ்த்தான். அது அலறியதை அவன் கவனிக்கவில்லை.

உடனே மறுபடி மணி. இந்த முறை விமல்.

"நான் சொன்னபடி செஞ்சுட்டேன். லாரி கிளம்பிடுச்சா?"

செங்கொடி எழுந்து நின்று பார்த்தாள். உள்ளே கிழிந்த அட்டைகளும் ஒரு தலையணையும் ஒரு தண்ணீர்க் குடமும் மட்டும் கிடந்தன. வெளியே வரிசை நகர ஆரம்பித்திருந்தது. காலியாகத் திரும்பும் லாரிகள் எதிர்ப்பக்கம் சீறிக்கொண்டு போயின. ஒவ்வொன்றின் வயிற்றிலும் புது பேட்டரி.

"கிளம்பிடுச்சு. ஆனா ஒரு லாரி இல்ல. நாமக்கல் லாரி, நாக்பூர் லாரி, பஞ்சாப் லாரின்னு எல்லாம் கிளம்பிடுச்சு. உன் நம்பர் குத்தின சரக்கு அவ்வளவும் நாலு மண்டலத்துக்கும் போவுது. திருப்பிக் கொண்டாரணும்னா நீ இந்தியா முழுக்க பானெட்டைத் தூக்கிப் பாக்கணும். நீ பச்சையம்மாவை விட்டப்பவே லாரியில பாதி சரக்கு இல்ல."

"அது என் பொருள்."

"வித்துட்டேன்னு நீதானே படம் போட்ட?"

அவள் போனைத் தாழ்த்தினாள். இன்னாசி ஏறி வந்தான். சட்டை முழுக்கக் கரி. "யக்கா, ரெண்டு பேட்டரி நம்ப கைல கீது, சாட்சிக்கு. ஒரு பீஹார்க்காரன் ரெசீது கேட்டான். இன்னா நேர்மை பாரு!"

யாரும் சிரிக்கவில்லை. சுப்புராயன் லாரியின் விளிம்புக்கு வந்து காலைத் தொங்கப் போட்டார். நான்கு நாளாக மடங்கிக் கிடந்த கால் நிற்க மறுத்தது. அப்பாவுவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"வெள்ளிக்கிழமை நான் போறேன்மா," என்றார்.

"எங்க?"

"படிக்க. பேங்க்காரங்க எல்லாம் வந்திருப்பாங்க. பெயிண்ட்டைப் படிப்பேன், பம்ப் செட்டைப் படிப்பேன். கிழக்கு பேட்டரி வரும்போது நிறுத்திட்டு, அய்யாத்துரை எப்படிச் செத்தான்னு சொல்லுவேன். நான் சொன்னா நம்புவாங்க."

"மாமா, போனா உன்னைய விடுவானா?" என்றான் அப்பாவு.

"விடமாட்டான். ஆனா அந்த ஹால்ல, அத்தனை பேர் முன்னாடி, நான் பேசி முடிக்கிற வரைக்கும் அவனால ஒண்ணும் பண்ண முடியாது. அப்புறம் நடக்கிறது நடக்கட்டும்."

செங்கொடி ஆறுதல் சொல்லவில்லை. அவளுக்கு அது வராது. போகிற வழி, ஹாலுக்கு எத்தனை வாசல், யாரை எங்கே நிறுத்துவது என்று கணக்குப் போட்டுக்கொண்டே கையைப் பார்த்தாள்.

போனின் திரை இன்னும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் தாழ்த்தினாளே தவிர, அணைக்கவில்லை.

மெல்ல அதைக் காதுக்குக் கொண்டுபோனாள்.

"கேட்டுச்சு," என்றான் விமல். கோபமே இல்லாத குரல். "வரச் சொல்லுங்க. அவர் நாற்காலியைப் போட்டு வைக்கிறேன்."